பிள்ளை கார் ஓடத் தொடங்கும்போது

ஏ.எல். பரீட்சை எழுதி முடித்து, முடிவு வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் கொழும்புப் பிள்ளைகள் பலர் லைசன்ஸ் எடுக்கப் புறப்பட்டுவிடுவார்கள். வீடு வெள்ளவத்தையில் இருந்தாலும் கொட்டாஞ்சேனையில் இருந்தாலும் அந்த அலைச்சல் அநேகமாக நுகேகொடையில்தான் தொடங்கும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. கண்பார்வை, உயரம், எடை, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். அந்தக் கடதாசியோடு வெரஹெரவில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், எழுத்துப் பரீட்சை, சிவப்பு எல் போர்ட் மாட்டிய பயிற்சிப் பாடசாலைக் கார், கடைசியாக ட்ரெயல் என்ற ஓட்டப் பரீட்சை. பதினெட்டு வயதில் கையில் அட்டை வந்துவிடும்.

என் மகளும் இந்த வழியால் போய்த்தான் லைசன்ஸ் எடுத்தாள். அட்டை வந்த அன்று இரவு, சோறு போட்டுக்கொண்டே மனைவி கேட்டார்: "பிள்ளை ஓடேக்க எங்கையாவது தட்டினா இன்சூரன்ஸ் காசு தருமோ?" என்னிடம் விடை இல்லை. பதினொரு வருடமாக ஒரே காருக்குக் கட்டுப்பணம் கட்டி வருகிறேன். பாலிசிப் புத்தகம் காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள், உறை பிரிக்காமலே கிடந்தது. அன்றிரவு அதைப் பிரித்ததில் தொடங்கி, முகவர்களிடம் கேட்டு, சட்டத்தைத் தேடி, வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரரிடம் விசாரித்துச் சேர்த்தவைதான் இந்தக் கட்டுரையில் உள்ளவை. புதிதாக லைசன்ஸ் எடுத்த பிள்ளைக்குக் கட்டுப்படியாகும் காப்புறுதி எது என்பதுதான் கேள்வி.

முதலில் ஓர் அடிப்படை. லண்டனில் அல்லது ரொறொன்ரோவில் உள்ள தமிழ்க் குடும்பத்தில் பிள்ளை கார் ஓடத் தொடங்கினால், வீட்டின் முதல் கவலையே காப்புறுதிதான். அங்கே காப்புறுதிக் கம்பனி யார் ஓடுகிறார் என்று பார்த்துத்தான் விலை போடும். பதினேழு வயதுப் பிள்ளையின் பெயரைச் சேர்த்தால் கட்டுப்பணம் பல மடங்காகிவிடும். பழைய சிறிய கார் ஒன்றின் விலையைவிட அதன் ஒரு வருடக் கட்டுப்பணம் கூடுதலாக வருவது அங்கே அதிசயமில்லை. இலங்கையில் நிலைமை வேறு. இங்கே கம்பனி பார்ப்பது காரை. என்ன கார், எந்த வருடம், பெறுமதி எவ்வளவு, சொந்தப் பாவனையா வாடகைக்கா, இதுவரை இழப்பீடு கோரியிருக்கிறீர்களா என்பவைதான் விலையைத் தீர்மானிக்கும் கேள்விகள். வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை இருக்கிறதா என்று பெரும்பாலான முகவர்கள் கேட்பதே இல்லை.

இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பிள்ளையின் அனுபவக் குறைவுக்கு ஒரு விலை இங்கேயும் உண்டு. அங்கே அதை வருடத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுகிறார்கள். இங்கே விபத்து நடந்த அன்று வாங்குகிறார்கள். எவ்வளவு என்பது பாலிசிக்குள்ளேயே எழுதியிருக்கிறது. கொழும்பில் மலிவான காப்புறுதி தேடுபவர் கடைசியாகத்தான் கட்டுப்பணத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சட்டம் கேட்பது மிகக் குறைவு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, வீதியில் ஓடும் வாகனம் எதற்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருந்தாக வேண்டும். அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. நாம் எல்லோரும் 'தேர்ட் பார்ட்டி' என்று சொல்வது இதைத்தான். உங்கள் கார் மோதி இன்னொருவரின் உயிருக்கோ உடலுக்கோ சேதம் வந்தால், அந்தப் பொறுப்பைக் கம்பனி ஏற்கும். அடுத்தவரின் வாகனத்துக்கோ மதிலுக்கோ வந்த சேதத்துக்குப் பாலிசியில் எழுதிய எல்லை வரைக்கும்தான் கிடைக்கும். உங்கள் காருக்கு ஒரு சதமும் இல்லை. இதற்கு மேலே உள்ளது 'ஃபுல் இன்சூரன்ஸ்'. லீசிங்கில் எடுத்த காருக்கு அது கட்டாயம், வேறு வழியில்லை.

பழைய சிறிய காரை முழுக் காசு கொடுத்து வாங்கி, பிள்ளைக்கு ஓடக் கொடுத்தவர்கள் பலர் தேர்ட் பார்ட்டி போதும் என்று நினைக்கிறார்கள். கட்டுப்பணத்தை மட்டும் பார்த்தால் அதைவிட மலிவு இல்லை. ஆனால் புதிய சாரதிக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நுகேகொடைச் சந்தியிலும் ஹைலெவல் வீதியிலும் 138 பஸ் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு வரும், ஓட்டோ இடது பக்கத்தால் நுழையும், முன்னால் போகும் வண்டி திடீரென்று பிரேக் பிடிக்கும். நடப்பது அநேகமாகப் பின்னால் முட்டுவதுதான். முன்னால் நிற்பது பழைய மாருதி என்றால் சரி. அது ஒரு பிராடோவோ பென்ஸோ என்றால்? அதன் பின்புற லைட்டும் பம்பரும் உங்கள் பாலிசியின் சொத்துச் சேத எல்லையைத் தாண்டிவிடலாம். மிச்சத்தை அப்பா கட்ட வேண்டும். ஆகவே தேர்ட் பார்ட்டி எடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சொத்துச் சேத எல்லை எவ்வளவு, அதை உயர்த்த எவ்வளவு கூடும் என்பதே. எல்லையை உயர்த்த ஆகும் செலவு, ஒரு நல்ல காரின் ஹெட்லைட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சிறியது.

ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தவர் பார்க்க வேண்டிய இடம் எக்ஸஸ். இழப்பீட்டில் கம்பனி தராமல் நம் கையிலிருந்து போட வேண்டிய முதல் பகுதி அது. சாதாரண எக்ஸஸ் ஒன்று இருக்கும். அதற்கு மேலே, குறிப்பிட்ட வயதுக்குக் குறைந்தவரோ லைசன்ஸ் எடுத்து அதிக காலம் ஆகாதவரோ ஓடியிருந்தால் இன்னொரு எக்ஸஸ் சேரலாம். எத்தனை வயது, எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். என் பாலிசியில் அது மூன்றாம் பக்கத்தின் அடியில், ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் ஒரே வரியாக இருந்தது. பதினொரு வருடத்தில் அந்த வரியை எனக்கு யாரும் காட்டியதில்லை. தமிழில் ஒரு பக்கம் தந்திருந்தால் என் மனைவியே வாசித்துச் சொல்லியிருப்பார். மூன்று மொழியில் லைசன்ஸ் அட்டை அடித்துத் தரும் நாட்டில், அந்த அட்டைக்காரரின் பொறுப்பைச் சொல்லும் பாலிசி ஒரு மொழியில் மட்டும் வருவது சரியல்ல. இதை வெறும் சலுகைக் கேள்வியாக நான் பார்க்கவில்லை. வாசிக்க முடியாத ஒப்பந்தத்தில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

பழகும் காலத்துக்குத் தனியான கவனம் வேண்டும். பயிற்சிப் பாடசாலையின் காரில் பழகும்வரை அவர்களின் காப்புறுதி. ஆனால் ட்ரெயலுக்கு முந்தின வாரங்களில், ஞாயிறு விடியக்காலையில் அப்பாவின் காரில் எல் போர்ட் கட்டி, பக்கத்தில் அப்பா இருந்து ஓட்டிப் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடக்கும். பழகுநர் ஓடுவது பல பாலிசிகளில் மேலதிகமாகக் கேட்டு வாங்க வேண்டிய காப்பு. அது இல்லாமல் ஒரு மதிலில் முட்டினால், உங்கள் காரின் சேதத்துக்குக் கம்பனி கைவிரிக்க இடமுண்டு. ஒரு தொலைபேசி அழைப்பும் சிறிய தொகையும் போதும். ஆனால் முதலே செய்ய வேண்டும்.

லைசன்ஸே இல்லாத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பதைப் பற்றி இங்கே பேசவே தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனாலும் நடக்கிறது. 2016 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டத்தில், லைசன்ஸ் இல்லாமல் ஓடுவது, காப்புறுதி இல்லாமல் ஓடுவது உள்ளிட்ட குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டத்தை 25,000 ரூபாயாக்க முன்மொழிந்தபோது தனியார் பஸ்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது நினைவிருக்கும். இந்தியாவில் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பராயமடையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 இந்திய ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளை 25 வயது ஆகும்வரை லைசன்ஸ் எடுக்க முடியாது. 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் பொறியியலாளர்கள் இறந்தார்கள். எந்தக் காப்புறுதியும் அவர்கள் இருவரையும் அவர்களின் அம்மாக்களிடம் திருப்பிக் கொடுக்காது.

இளம் சாரதிக்கு ஏன் இந்தத் தனிக் கணக்கு? இது கம்பனிகள் பணத்துக்காகக் கட்டிய கதை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கைகளின்படி, 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதற் காரணமே வீதி விபத்துத்தான். லைசன்ஸ் எடுத்துத் தனியே ஓடத் தொடங்கும் முதல் மாதங்கள்தான் மிக ஆபத்தானவை என்பதையும், இரவு ஓட்டமும் காருக்குள் கூட்டாளிகள் நிறைந்திருப்பதும் அந்த ஆபத்தைக் கூட்டும் என்பதையும் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நியூசிலாந்து 1987இலும், கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1994இலும் படிப்படியான லைசன்ஸ் முறையைக் கொண்டுவந்தது இதனால்தான். ஒன்ராறியோவில் பதினாறு வயதில் ஜி1 எடுக்கலாம். பக்கத்தில் அனுபவமுள்ளவர் இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதம் கழித்து, அங்கீகரித்த பயிற்சி முடித்திருந்தால் எட்டு மாதத்தில், ஜி2. அதற்குப் பிறகுதான் முழு ஜி. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பழகும் பிள்ளை 120 மணி நேரம் ஓடியதைப் பதிவேட்டில் காட்ட வேண்டும். அங்கே பாரமற்றாவில் இருக்கும் என் மைத்துனர் தன் மகனோடு அந்த 120 மணியைப் போட்டார். இங்கே ட்ரெயல் பாஸ் பண்ணிய பிள்ளைகளில் எத்தனை பேர் இருபது மணி நேரமாவது ஓடியிருப்பார்கள் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

பிரித்தானியாவில் நடப்பதில் நமக்கு ஒரு பாடமும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அங்கே இளம் சாரதிகள் பலர் காருக்குள் ஒரு சிறிய கருவி பூட்டுகிறார்கள். வேகம், பிரேக் பிடிக்கும் விதம், வளைவில் திருப்பும் விதம், ஓடும் நேரம் எல்லாவற்றையும் அது கம்பனிக்கு அனுப்பும். நிதானமாக ஓடினால் கட்டுப்பணம் குறையும். முன்பு பெண் பிள்ளைகளுக்குக் குறைவாகப் போடுவார்கள். ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பினால் 2012 டிசம்பர் 21 முதல் அது நின்றது. இப்போது ஆணோ பெண்ணோ, ஓடும் விதம்தான் பேசும். இந்தியாவிலும் 2022 ஜூலையில் ஓடும் தூரத்துக்கும் ஓடும் விதத்துக்கும் ஏற்ற மேலதிகக் காப்புகளுக்கு ஒழுங்குபடுத்தும் ஆணையம் அனுமதி கொடுத்தது. எச்சரிக்கை என்னவென்றால், மகன் தினமும் ஓடும் காரை அப்பாதான் முக்கிய சாரதி என்று எழுதிக் கட்டுப்பணத்தைக் குறைப்பது. நம் ஆட்களிடமும் அந்தப் பழக்கம் உண்டு. பிரித்தானியாவில் அது மோசடி, கண்டுபிடித்தால் பாலிசியே செல்லாது. இலங்கையில் அப்படி எழுத வேண்டிய கட்டாயமே பல இடங்களில் இல்லை. ஆனால் படிவத்தில் சாரதி பற்றிக் கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். காப்புறுதி ஒப்பந்தம் நிற்பதே அந்த நம்பிக்கையில்தான்.

இனி, இந்த நாட்டுக்கே உரிய பெரிய பள்ளம். பல குடும்பங்கள் தெரியாமலே அதற்குள் இருக்கின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் ரூபாய் விழுந்தது. பாவித்த காரின் விலை வீட்டு விலைபோல் ஏறியது. சொந்தப் பாவனை வாகனங்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்தாலும், வரியோடு பார்க்கும்போது விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆனால் பாலிசியில் எழுதிய பெறுமதியைப் பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். கட்டுப்பணம் குறைவாக இருப்பதாகச் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. விபத்து வந்தால் சராசரி நிபந்தனை என்ற ஒன்று வேலை செய்யும். கணக்கு இப்படி: சந்தையில் 60 இலட்சம் பெறும் காரை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மகள் ஓடும்போது மூன்று இலட்சம் ரூபாய்க்குச் சேதம். கம்பனி கணக்கில் எடுப்பது இரண்டு இலட்சம். அதிலிருந்து எக்ஸஸ்களும், பழைய காருக்குப் புதிய உதிரிப்பாகம் போடுவதற்காகக் கழிக்கும் தேய்மானமும் போகும். மிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, இத்தனை வருடம் ஏன் கட்டினோம் என்று யோசிப்பீர்கள். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது இணையத்தில் அதே வருட, அதே மொடல் காரின் விற்பனை விலையைப் பார்த்துப் பெறுமதியைத் திருத்துவது, இளம் சாரதி உள்ள வீட்டுக்கு எந்தக் கழிவையும்விடப் பெரிய பாதுகாப்பு.

கழிவு என்றதும் நோ க்ளெய்ம் போனஸ். ஒரு வருடம் இழப்பீடு கோராமல் இருந்தால் கட்டுப்பணத்தில் கழிவு. வருடம் கூடக் கூட அது பாதிக்கும் மேல் போகும். இதில்தான் பிள்ளை ஓடும் வீடுகள் அதிகம் இழக்கின்றன. கணக்குக்காகச் சொல்கிறேன்: கழிவுக்கு முன் கட்டுப்பணம் 150,000 ரூபாய், 60 வீதம் கழிவோடு 60,000 கட்டுகிறீர்கள். பம்பரில் ஒரு கீறலுக்கு 25,000 கோருகிறீர்கள். அடுத்த வருடம் கழிவு 40 வீதமாக இறங்கினால் கட்ட வேண்டியது 90,000. இருபத்தைந்தை வாங்கி முப்பதைக் கொடுத்ததுதான் மிச்சம், அதுவும் ஒரு வருடத்தில். வெல்லவே முடியாத கோரிக்கை இது. சின்னத் தட்டல்களைக் கையால் செய்து, பெரியதற்குக் காப்புறுதியை வைத்திருங்கள். கம்பனி மாறும்போது நோ க்ளெய்ம் கடிதத்தை வாங்கிக்கொண்டு போக மறக்காதீர்கள்.

காலி வீதியில் இரண்டு கார் முட்டி நிற்க, இரண்டு பக்கத்துச் சாரதிகளும் இன்சூரன்ஸ்காரர் வரும்வரை போனில் நிற்பதைக் கொழும்பில் தினமும் பார்க்கலாம். மோட்டார் சைக்கிளில் வந்து படம் எடுத்து, அந்த இடத்திலேயே காசு தரும் முறை இந்நாட்டின் காப்புறுதியில் உள்ள நல்ல விஷயங்களில் ஒன்று. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை தனியே நின்றால், ஹோர்ன் சத்தத்துக்கும் பஸ்காரரின் ஏச்சுக்கும் நடுவில் நடுங்கிப்போய், யார் பிழை என்று தெரியாமலே "பிழை என்னுடையது" என்று சொல்லிவிடும். முதலில் யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு படம், எதிர் வாகனத்தின் இலக்கம், கம்பனியின் 24 மணி நேர எண். பிறகு வீட்டுக்கு. இந்த வரிசையைக் கிளம்பும் முன்பே சொல்லிக் கொடுக்க வேண்டும். காயம் என்றால் பொலிஸ் கட்டாயம்.

விலை கேட்கும்போது மூன்று கம்பனியிடமாவது எழுத்தில் கேளுங்கள். அரசுக்குச் சொந்தமான ஸ்ரீலங்கா இன்சூரன்ஸ், செலிங்கோ, அலியான்ஸ், ஃபெயார்ஃபர்ஸ்ட், எச்.என்.பி., பீப்பிள்ஸ், கோப்பரேட்டிவ், அமானா தக்காஃபுல் என்று பெயர்கள் நிறைய. யார் மலிவு என்று இங்கே சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது காருக்குக் கார் மாறும். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாமல், அதற்குள் 18 வீத வற் வரி எவ்வளவு, வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதத்துக்கான காப்பு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கலவரக் காப்பை மிச்சம் பிடிக்க வெட்டச் சொல்பவர்களும் உண்டு. 1983 கலவரத்தைக் கண்ட கொழும்புத் தமிழ்க் குடும்பம் எதுவும் அதை வெட்டாது என்று நினைக்கிறேன். லீசிங் கம்பனி தன் சொந்தக் காப்புறுதியைத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னால், வேறு இடத்து விலையைக் காட்டிப் பேசிப் பாருங்கள். சிலவேளை இறங்கி வருவார்கள்.

கோரிக்கையை நிராகரித்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். திருப்தி இல்லையென்றால் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும், காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார்கள். சாதாரண மனிதர் வழக்கறிஞர் இல்லாமலே போகக்கூடிய இடங்கள் இவை. தெரிந்தவர்கள் குறைவு என்பதுதான் துக்கம்.

என் வீட்டுக்கு வருகிறேன். பாலிசியின் பெறுமதியைத் திருத்தினேன். சொத்துச் சேத எல்லையை உயர்த்தினேன். மகளின் பெயரையும் லைசன்ஸ் எடுத்த திகதியையும் மின்னஞ்சலில் எழுதி, இவள் ஓடும்போது எக்ஸஸ் எவ்வளவு என்று கேட்டேன். நான்கு நாள் கழித்துத் தொகையோடு பதில் வந்தது. கட்டுப்பணம் கூடியதுதான். அந்த எக்ஸஸ் தொகையை ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறோம், வேறு எதற்கும் எடுப்பதில்லை.

பாரமற்றாவிலிருந்து மைத்துனர் அனுப்பிய பதிவேட்டின் மாதிரியை அச்செடுத்து மகளிடம் கொடுத்தேன். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மழையா வெயிலா, பகலா இரவா. ஞாயிறு காலை ஆறு மணிக்கு நுகேகொடை ரயில் கடவையைத் தாண்டி நாவல வழியாக ஒரு சுற்று, பிறகு ஹைலெவல் வீதியால் மகரகமை வரை. கடவையில் கேட் திறந்திருந்தாலும் நின்று இரண்டு பக்கமும் பார்த்துத்தான் எடுக்கிறாள். போன ஞாயிறு வரைக்கும் 34 மணி நேரமும் 20 நிமிடமும் எழுதியிருக்கிறாள். இரவு ஓட்டம் என்ற பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.